சூடானதும் ஓட்டத்தில் ஆஃப் ஆகும் பெட்ரோல் கார்: இக்னிஷனா, பம்பா?

கேள்வி: பின்சக்கரம்

1.2 லிட்டர், 4 சிலிண்டர் பெட்ரோல் வண்டி. மேனுவல் கியர். ஒவ்வொரு பிளக்குக்கும் ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட் தர்ற காயில் தனித்தனியா இருக்கு. 1,10,000 கி.மீ. ஓடியிருக்கு. காலையில ஒரே செல்ஃப்ல பிடிச்சுக்குது. 30, 40 நிமிஷம் ஓடினதும் திடீர்னு இன்ஜின் நின்னுடுது. செல்ஃப் அடிச்சா நல்லா சுத்துது, ஆனா பிடிக்கல. 20 நிமிஷம் ஆற விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பிடுது. பிளக் நாலும் புதுசு, பெட்ரோல் ஃபில்டரும் மாத்தியாச்சு. ஸ்கேனர்ல எந்த எரர் கோடும் இல்ல. அடுத்து பெட்ரோல் பம்பை மாத்தச் சொல்றாங்க. அதுக்கு முன்னாடி எதையெல்லாம் பார்த்துடலாம்?

பதில்: ஓம்மீட்டர்

பம்பை இப்போதைக்குத் தொடாதீங்க. வண்டி எப்படி நிற்குதுன்னு கவனிச்சாலே பாதி விடை கிடைச்சுடும். சாவியைத் திருப்பின மாதிரி சட்டுன்னு நின்னா பெரும்பாலும் கரண்ட் பக்கம். இழுவை குறைஞ்சு, குலுங்கி, மிதிக்க மிதிக்கத் திணறி நின்னா பெட்ரோல் பக்கம். நீங்க சொல்றது முதல் ரகம்.

அடுத்த தடவை நிற்கும்போது ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, டேஷ்போர்டு. பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் எரிஞ்சா சாவி வழியா கரண்ட் வந்துட்டுதான் இருக்கு. மொத்தமும் இருண்டு போனா இக்னிஷன் ஸ்விட்ச், பேட்டரி டெர்மினல், மெயின் ஃபியூஸ். ரெண்டாவது, ஆர்பிஎம் முள். கிளட்சை மிதிக்காம, கியர்லயே வண்டி உருள்ற வரைக்கும் சக்கரம் இன்ஜினைச் சுத்திட்டுதான் இருக்கும். அப்பவும் முள் பூஜ்யத்துல விழுந்தா, இன்ஜின் சுத்துறது ஈசியூவுக்கு (இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர்) தெரியலைன்னு அர்த்தம். இன்ஜின் சுத்துறதை ஈசியூவுக்குச் சொல்ற கிராங்க் சென்சார் மேல சந்தேகம் அங்கேதான் பிறக்குது. நின்ன பிறகு செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனர் லைவ் டேட்டாவுல ஆர்பிஎம் 200, 300 காட்டணும். 0 காட்டினா சந்தேகம் வலுக்குது.

பம்ப் மேல பழி விழுறதுக்குக் காரணம் இருக்கு. சாவி போட்டதும் ஈசியூ பம்பை ஒரு சில நொடி ஓட்டி நிறுத்திடும். கிராங்க் சிக்னல் வந்தாதான் மறுபடி ஓட்டும். சிக்னல் செத்தா ஸ்பார்க், இன்ஜெக்டர், பம்ப் மூணுமே சேர்ந்து நிற்கும். "பம்ப் சத்தம் கேட்கல"ன்னு புது பம்ப் போடுறது இப்படித்தான்.

கோடு வராததுலயும் அதிசயம் இல்ல. சிக்னல் விட்டுவிட்டு வந்தா பி0335, பி0336 மாதிரி கிராங்க் சென்சார் கோடு பதிவாகலாம். ஒரேயடியா நின்னுட்டா, இன்ஜினே நின்னுடுச்சுன்னு பல ஈசியூ எடுத்துக்கும்.

பதில்: கரிப்புகை

மேலே சொன்னதோட ஒத்துப்போறேன். அந்த 20 நிமிஷத்தை வீணாக்காதீங்க. கோளாறு கண்ணுக்குச் சிக்குறது அப்போ மட்டும்தான். டூல்ஸை வண்டியிலயே வெச்சுக்கிட்டு, நின்னதும் பானட்டைத் திறந்து வேலையை ஆரம்பிங்க.

முதல்ல ஸ்பார்க். பம்ப் ஃபியூஸைக் கழட்டுங்க, இல்லேன்னா பெட்ரோல் தெளிச்சுட்டே இருக்கும். ஒரு காயிலை உருவி, அதுல ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி, டெஸ்டர் கிளிப்பை இன்ஜின்ல பெயின்ட் இல்லாத உலோகத்துல கடிக்க விட்டு, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. 8 மி.மீ. இடைவெளியை நீல ஸ்பார்க் சடசடன்னு தாண்டணும். காயிலைக் கையில பிடிக்கக் கூடாது, 30,000 வோல்ட்டுக்கு மேல வரும். டெஸ்டர் இல்லாம சும்மா தொங்கவிட்டு அடிச்சா காயிலோட இன்சுலேஷனே போயிடும்.

ஒரு காயில் போனா வண்டி மூணு சிலிண்டர்ல குலுங்கிக்கிட்டாவது ஓடும். நாலும் ஒரே நொடியில சாகாது. நாலுலயும் ஸ்பார்க் இல்லேன்னா நாலுக்கும் பொதுவானதைத் தேடணும்: கிராங்க் சென்சார், மெயின் ரிலே (ஈசியூவுக்கும் மத்ததுக்கும் கரண்டை இணைக்கிற ஸ்விட்ச்), எர்த்.

சென்சார்ல எத்தனை ஒயர்னு எண்ணுங்க. ரெண்டுன்னா பொதுவா உள்ளே சுருள். கனெக்டரைக் கழட்டி, சென்சார் பின்னுலயே ஓம் அளங்க. பல வண்டியில 500-லிருந்து 1,500 ஓம் வரைக்கும் இருக்கும், சரியான அளவு உங்க சர்வீஸ் மேனுவல்ல. மீட்டரை ஏசி வோல்ட்ல வெச்சு செல்ஃப் அடிச்சா அரை வோல்ட்டாவது அசையணும். மூணு ஒயர்னா பெரும்பாலும் ஹால் ரகம், உள்ளே சுருளுக்குப் பதிலா எலக்ட்ரானிக் சர்க்யூட். அதுல ஓம் அளந்து பிரயோஜனம் இல்ல. ஒரு ஒயர்ல 5 அல்லது 12 வோல்ட், இன்னொண்ணு எர்த், மூணாவதுல சிக்னல் ஏறி இறங்கணும்.

கடைசியா ஈரத்துணி. குளிர்ந்த தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு சென்சார் மேல போர்த்தி ரெண்டு நிமிஷம் விடுங்க. உடனே பிடிச்சுக்கிட்டா குற்றவாளி கிட்டத்தட்ட அதுதான். தண்ணியை அப்படியே ஊத்தாதீங்க, பக்கத்துல கொதிக்கிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விடும்.

பதில்: சாவிக்கொத்து

சென்சாரை மட்டும் குறி வைக்க வேண்டாம். மெயின் ரிலே உள்ளே சால்டர் விரிசல் விட்டிருந்தாலும் சூட்டில் இதே நாடகம்தான் நடக்கும். அதே பின் அமைப்பும் ஆம்பியரும் உள்ள ஹார்ன் ரிலேவை இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள், செலவே இல்லாத சோதனை.

ஓடும்போதே பிடிக்க ஒரு வழி உண்டு. காயிலுக்கு வரும் 12 வோல்ட் சப்ளை ஒயரில் இருந்து 3 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு ஓர் ஒயரை உள்ளே இழுத்து, சின்ன டெஸ்ட் பல்பை டேஷ்போர்டில் ஒட்டுங்கள். பக்கத்து சீட்டில் இருப்பவர் அதையே பார்த்துக்கொண்டு வரட்டும். இன்ஜின் நின்ற நொடியில் பல்பும் அணைந்தால் சப்ளை போகிறது: ஸ்விட்ச், ரிலே, ஒயர். எரிந்துகொண்டே இருந்தால் சப்ளையை மறந்துவிட்டு சிக்னல் பக்கம் போங்கள். சென்சார் ஒயரிலோ ஈசியூ காயிலுக்குக் கொடுக்கும் சிக்னல் ஒயரிலோ பல்பு மாட்டவே கூடாது. ஏர்பேக் ஒயர்களின் பக்கமும் போகாதீர்கள்.

சாவியில் கனமான கொத்து தொங்கினால் கழற்றிவிட்டு, ஐடிலிங்கில் சாவியை லேசாக ஆட்டிப் பாருங்கள். பேட்டரி பாசிட்டிவுக்கும் காயில் சப்ளைக்கும் நடுவே, இன்ஜின் ஓடும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ கரண்ட் தின்கிறது.

காயிலை கான்டாக்ட் பாயின்ட் இயக்கும் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு: சாவியை ஸ்டார்ட்டில் பிடித்திருக்கும் வரை பிடித்து, விட்டதும் நின்றால், காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் பாலாஸ்ட் ரெசிஸ்டரை முதலில் பாருங்கள். ஸ்டார்ட்டில் காயிலுக்குக் கரண்ட் அதைத் தாண்டி நேராகப் போகும்.

பின்சக்கரம்

எல்லாம் பார்த்துட்டேன். நின்னப்போ விளக்கெல்லாம் எரிஞ்சது, பல்பும் எரிஞ்சது, வண்டி உருளும்போதே முள் பூஜ்யம். ஸ்பார்க் நாலுலயும் இல்ல. ரெண்டு ஒயர் சென்சார். ஆறின நிலையில 870 ஓம், நின்ன உடனே அளந்தா ஓஎல் (மீட்டர் அளவையே தாண்டுது, சுற்று அறுந்த மாதிரி). ஈரத்துணி போட்டதும் திரும்ப 890, வண்டியும் கிளம்பிடுச்சு. கனெக்டரைக் கழட்டி சென்சார் பின்னுலதான் அளந்தேன்.

பதில்: கரிப்புகை

அப்போ ஒயரிங் மேல தப்பில்ல, சுருளேதான் அறுந்திருக்கு. முடி மாதிரி செம்புக் கம்பி, சூட்டுல விரிஞ்சு பிரியுது, ஆறினா தொட்டுக்குது.

மாத்தும்போது பழைய சென்சார் முனையில இரும்புத் தூள் எவ்வளவு ஒட்டியிருக்குன்னு பாருங்க. நிறைய இருந்தா டார்ச் அடிச்சு சென்சார் படிக்கிற பல்சக்கரத்தையும் பார்த்துடுங்க, பல் சிதைஞ்சிருக்கலாம். உட்கார்ற இடத்தைத் துடைங்க. அங்கே துரு மேடு தட்டினா இடைவெளி கூடி சிக்னல் மெலிஞ்சிடும். ஓ-ரிங்குக்குத் துளி இன்ஜின் ஆயில். போல்ட்டை மேனுவல்ல சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்குங்க, பிளாஸ்டிக் காது சீக்கிரம் உடையும். ஒயரைப் பழைய கிளிப்லயே மாட்டி எக்ஸாஸ்ட்டை விட்டுத் தள்ளி வைங்க. சில வண்டிகளுக்கு ஸ்கேனர்ல கிராங்க் ரீலேர்ன் (புது சென்சாரை ஈசியூவுக்குப் பழக்குறது) பண்ணணும், உங்களுதுக்கு வேணுமான்னு மேனுவல்ல பாருங்க. பிறகு ஒரு மணி நேரம் ஓட்டி, சூட்டோட புது சென்சாரையும் ஒரு தடவை ஓம் அளந்துடுங்க.