ஸ்டாக்கிங் ரேட் என்பதற்கு ‘மேய்ப்பளவு’

அன்புடையீர், வணக்கம்.

வறண்ட மேய்ச்சல் நிலங்களுக்கான சொற்பட்டியலில் ஸ்டாக்கிங் ரேட், கேரியிங் கபாசிட்டி ஆகிய இரண்டுக்கும் ‘தாங்குதிறன்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொள்ளலாம் என்று முந்தைய மடலில் வந்த கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. ஒரு நிலம் எத்தனை கால்நடை உருப்படிகளுக்குத் தீனி தரக்கூடும் என்பதை, அதாவது கேரியிங் கபாசிட்டியை, மழையும் மண்ணும் புல்லும் தீர்மானிக்கின்றன. எத்தனை உருப்படிகளை, எவ்வளவு பரப்பில், எத்தனை நாள் விடுவது என்பதை, அதாவது ஸ்டாக்கிங் ரேட்டை, மேய்ப்பவர் தீர்மானிக்கிறார். பின்னது முன்னதைத் தாண்டும்போதுதான் மிகைமேய்ச்சல் நேர்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயரிட்டால், மிகைமேய்ச்சல் என்றால் என்ன என்று மாணவருக்கு விளக்கவே வழியில்லாமல் போகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 250 கிலோ எடையுள்ள மாடு நாளொன்றுக்குத் தன் எடையில் ஏறத்தாழ 2.5 விழுக்காடு உலர்தீனி உண்ணும், அதாவது 6.25 கிலோ, ஆண்டுக்குச் சுமார் 2,280 கிலோ. ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு 1,500 கிலோ உலர்புல் விளைவதாகக் கொண்டு, புல் மீண்டும் தழைப்பதற்கும் மண்ணை மூடியிருப்பதற்கும் பாதியை விட்டுவைத்தால், அந்த மாட்டுக்கு மூன்று ஹெக்டேர் தேவைப்படும். மழை பொய்த்து விளைச்சல் 500 கிலோவாகக் குறைந்த ஆண்டில் அதே மாட்டுக்கு ஒன்பது ஹெக்டேர் வேண்டும். நிலமும் மாடும் அப்படியே இருக்க, தாங்குதிறன் மட்டும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. அந்த ஆண்டில் மந்தையைக் குறைப்பதா, வேறிடம் ஓட்டிச் செல்வதா, வைக்கோலும் சோளத்தட்டும் வாங்கிப் போடுவதா என்பது மேய்ப்பவர் முன் நிற்கும் கேள்வி. அவருடைய இந்த முடிவுக்குத்தான் நமக்குத் தனிச்சொல் வேண்டும்.

அதற்கு ‘மேய்ப்பளவு’ என்பதை முன்மொழிகிறேன். வளர்தலிலிருந்து வளர்ச்சியும் வளர்த்தலிலிருந்து வளர்ப்பும் பிறப்பதுபோல, மேய்ச்சலை விலங்கின் செயலுக்கும், மேய்ப்பை அதை மேய விடுபவரின் செயலுக்கும் வைத்துக்கொள்ளலாம். மேய்ப்பர் என்ற சொல் திருச்சபை வழக்கில் வேறு பொருளில் ஊன்றிவிட்டதால் குழப்பம் நேரும் என்ற அச்சம் தேவையற்றது. அங்கும் அது மந்தையைப் பொறுப்பேற்று நடத்துபவரையே குறிக்கிறது.

மேய்ப்பளவில் காலமும் அடக்கம் என்பதை விளக்கக் குறிப்பில் தெளிவாக எழுத வேண்டும். ஒரு ஹெக்டேரில் பத்து மாடுகளை மூன்று நாள் விட்டாலும், ஒரு மாட்டை முப்பது நாள் விட்டாலும் மேய்ப்பளவு ஒன்றுதான். ஆனால் புல்லுக்கு இரண்டும் ஒன்றல்ல. ஒற்றை மாடு தனக்குப் பிடித்த புல் தூரையே தேடித் துளிர்க்கத் துளிர்க்கக் கடிக்கும். பத்து மாடுகள் பொறுக்கித் தின்ன வாய்ப்பின்றி மேய்ந்துவிட்டு வெளியேறினால் அந்தத் தூருக்கு நீண்ட ஓய்வு கிடைக்கும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு பரப்பில் நிற்கும் உருப்படிகளின் எண்ணிக்கையை, அதாவது ஸ்டாக்கிங் டென்சிட்டியை, ‘மந்தைச் செறிவு’ என்று பிரித்துக் காட்டலாம்.

இந்த வேறுபாடுகள் நம் மண்ணுக்குப் புதியவை அல்ல. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில், அதாவது வேலியிட்ட தனியார் மேய்ச்சல் நிலங்களில், முள்கிளுவை வேலியால் பிரித்த துண்டுகளில் மாடுகளையும் மேச்சேரி ஆடுகளையும் மாற்றி மாற்றி விட்டு மேய்ப்பது நெடுங்கால வழக்கம். அங்கே தரையில் பல்லாண்டு வாழும் கொழுக்கட்டைப் புல்லும், மேலே கோடையில் நெற்று உதிர்க்கும் வெள்வேலமும் உண்டு. புல் காய்ந்த மாதங்களில் அந்த நெற்று தீனியாகிறது. எந்தத் துண்டை எப்போது அடைத்து வைப்பது, எப்போது திறப்பது என்று பார்த்து முடிவெடுக்கும் அந்த உடைமையாளர் தாங்குதிறனை அளப்பதோடு நிற்பதில்லை, மேய்ப்பளவை ஆள்கிறார். வேலியில்லாத மேய்க்கால் புறம்போக்கில், அதாவது ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தில், இந்த ஆளுகைக்கு ஊர்க் கட்டுப்பாடு ஒன்றே வழி. அது தளர்ந்த ஊர்களில் புல்லைக் காப்பது கடினம்.

தாங்குதிறன் என்ற சொல்லை கேரியிங் கபாசிட்டிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை ஒரு நிலையான எண்ணாக வரையறுக்கக் கூடாது. கென்யாவின் வறண்ட துர்க்கானா பகுதி மேய்ப்பர்களை ஆராய்ந்த ஆய்வாளர்கள் எல்லிஸ், ஸ்விஃப்ட் இருவரும் 1988-இல் எழுதியதுபோல, மழை ஆண்டுக்காண்டு பெரிதும் மாறும் நிலத்தில் மந்தையின் அளவைவிட வறட்சியே புல்லின் கதியைத் தீர்மானிக்கிறது. அங்கு இடம்பெயர்வதே மேய்ப்பவரின் அறிவு. நிலையான எண்ணைச் சட்டமாக்கி அவர்களை ஓரிடத்தில் நிறுத்தினால் மந்தைக்கும் நிலத்துக்கும் கேடு. ஆதலால் விளக்கக் குறிப்பில் ‘அந்தந்தப் பருவத்தில்’ என்ற சொற்கள் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அலகைப் பற்றியும் ஒரு சொல். மேய்ப்பளவைத் தலைக்கணக்கில் எழுதினால் ஆடும் ஒட்டகமும் சமமாகிவிடும். 250 கிலோ எடையை ஒன்றெனக் கொள்ளும் வெப்பமண்டல அலகில் ஒட்டகம் 1, சராசரி மாடு 0.7, செம்மறியும் வெள்ளாடும் 0.1 எனக் கொள்வது பொது வழக்கம். அமெரிக்க நூல்களின் அலகோ 1,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 454 கிலோ எடையுள்ள பசு. இரண்டையும் ‘கால்நடை அலகு’ என்று மட்டும் எழுதினால் கணக்கு தவறும் என்பதால், முன்னதை ‘வெப்பமண்டலக் கால்நடை அலகு’ என்று முழுமையாகவே எழுதலாம்.