கடலைக் கொல்லையில் செத்துக் கிடந்த காட்டுப்பன்றி: அறுத்து வைத்த கறியை என்ன செய்வது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அஞ்செட்டி அருகே காப்புக்காட்டை ஒட்டி எங்களுக்கு 2 ஏக்கர் கடலைக் கொல்லை இருக்கிறது. இன்று விடியற்காலையில் வரப்போரம் ஒரு பெரிய காட்டுப்பன்றி செத்துக் கிடந்தது. உடம்பில் காயம் எதுவும் இல்லை. காதுகளும் அடிவயிறும் கருஞ்சிவப்பாகக் கன்றியிருந்தன. மூக்கில் இரத்தம் கலந்த நுரை உறைந்திருந்தது. யாரிடம் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் என் மச்சான் ஒரு பின்தொடையை அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். வாடை வீசியதால் சமைக்காமல் ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறார்கள். வீட்டின் பின்னால் 11 வெண்பன்றிகள் வளர்க்கிறோம். கறியை நாய்க்குப் போட்டுவிட்டால் போதுமா?

பதில் 1 (கால்நடை மருத்துவர்)

தம்பி, நாய்க்குப் போட வேண்டாம். குப்பையிலும் எறிய வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கும் பொருந்தும், அடைப்பான் என்னும் ஆந்த்ராக்ஸ் நோய்க்கும் பொருந்தும். பரிசோதனை செய்யாமல் எது என்று சொல்ல முடியாது. முதலாவது நோய் மனிதருக்குத் தொற்றாது என்றாலும், பட்டியில் நுழைந்தால் பன்றிகள் அநேகமாக மிஞ்சாது. அதன் கிருமி உறைந்த கறியிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்ததற்கு இதுவே காரணம் என்று உறுதியானது.

அடைப்பான் மனிதருக்கும் வரும். அந்த உடலை மேலும் அறுத்தால் கிருமி காற்றுப் பட்டு வித்துகளாகி மண்ணில் பல ஆண்டுகள் தங்கிவிடும் என்பதால், யாரும் இனிக் கத்தி வைக்கக் கூடாது. மச்சான் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். கையில் அரிப்புடன் கொப்புளம் எழும்பி, நடுவில் கருத்துப் புண்ணானாலோ காய்ச்சல் வந்தாலோ அரசு மருத்துவமனைக்குப் போய், செத்த விலங்கை அறுத்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். கொல்லைக்குப் போன செருப்போடு யாரும் பட்டிக்குள் கால் வைக்காதீர்கள். கால்நடை உதவி எண்ணான 1962க்கு இப்போதே அழையுங்கள்.

பதில் 2 (ஓய்வு பெற்ற வனக்காவலர்)

நீங்கள் வேட்டையாடவில்லை என்பது உண்மையாக இருந்தாலும் கறி உங்களுடையது ஆகாது. 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 39 ஆம் பிரிவின்படி, இறந்து கிடக்கும் காட்டு விலங்கும் அதன் கறியும் அரசின் சொத்து. அது கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். கறி கெட்டுப்போனது என்பதற்காக நாமே புதைத்துவிட்டால், பிற்பாடு அது தடயத்தை மறைத்ததாகவே பார்க்கப்படும். நடந்ததை நடந்தபடி சொல்லித் தொடையை ஒப்படையுங்கள். அதுவே மச்சானுக்கும் நல்லது. பன்றியின் வாய் கிழிந்திருக்கிறதா என்று எட்ட நின்று பாருங்கள். அவுட்டுக்காய் (இரைக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) கடித்திருந்தால் வெடிக்காத இன்னொன்று கொல்லையில் கிடக்கலாம். மாட்டை அங்கே கட்டாதீர்கள்.

கேட்டவர், மறுநாள்

ஐயா இருவருக்கும் மிக்க நன்றி. வனவரும் கால்நடை மருத்துவரும் நேற்று மாலையே வந்தார்கள். வாய் கிழியவில்லை. மாதிரி எடுத்தபின், அறுத்த தொடையையும் உடலோடு சேர்த்து ஆழக் குழியில் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். நடந்ததை மச்சான் தன் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர்மீது என்ன நடவடிக்கை என்பதை வனச்சரகர் பிறகு சொல்வாராம். ஃபிரிட்ஜைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைத்துவிட்டோம். பன்றிகளுக்குப் போட்டுவந்த ஓட்டல் கழிவை நிறுத்திவிட்டுத் தவிடு மட்டும் வைக்கிறோம். இன்று காலை 11 பன்றிகளும் தீவனம் எடுத்தன.