சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுகிறான், என்ன செய்யலாம்?

மாலைநிழல் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு நாய் செவலைக்கு ஒன்றரை வயது. ஓரளவு வளர்ந்த பிறகுதான் எங்களிடம் வந்தான், அதற்கு முன் நிறைய குட்டிகளோடு ஒரே தட்டில் முண்டியடித்துத் தின்று வளர்ந்தவன் என்று கொடுத்தவர்கள் சொன்னார்கள். மற்ற நேரமெல்லாம் தங்கமான பையன். மடியில் தலை வைத்துத் தூங்குவான், என் எட்டு வயது மகள் காதைப் பிடித்து இழுத்தாலும் அசையாமல் இருப்பான். ஆனால் சாப்பாட்டுக் கிண்ணம் தரையில் இறங்கியதும் ஆளே மாறிவிடுகிறான். யாராவது பக்கத்தில் நடந்து போனால்கூட உடம்பு விறைத்துக்கொள்ளும், தலையைக் கிண்ணத்துக்குள் இன்னும் தாழ்த்தி அவசர அவசரமாக விழுங்குவான். முன்பு இதோடு நின்றது, இப்போது சில வாரங்களாக உறுமுகிறான், நேற்று பல்லைக் காட்டினான்.

காலையும் மாலையும் டிரை ஃபுட் போடுகிறேன். பாதி சாப்பிடும்போது கிண்ணத்தைப் பிடுங்கி வைத்தால் வழிக்கு வந்துவிடுவான், யார் பெரியவர் என்று அவனுக்குத் தெரிய வேண்டும் என்கிறான் என் தம்பி. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அதே சமயம் வீட்டில் குழந்தை இருக்கிறாள், பயமாகவும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளைவால் பதில்:

உங்கள் தம்பி சொல்வதில் விஷயம் இருக்கிறது. நான் வளர்த்த எல்லா நாய்களையும் குட்டியிலிருந்தே கிண்ணத்தில் கை விட்டுக் கிளறியும், நடுவில் எடுத்துத் திரும்ப வைத்தும்தான் பழக்கினேன். ஒன்றுகூட உறுமியதில்லை. இப்போது விட்டுவிட்டால் நாளைக்குக் கடிப்பான், அப்புறம் வருத்தப்பட்டுப் பயனில்லை.

கண்மணி_பயிற்சி பதில்:

வெள்ளைவால் அண்ணா, உங்கள் நாய்கள் உறுமாமல் இருந்தது சந்தோஷம்தான், ஆனால் அவை இயல்பிலேயே சாப்பாட்டுக்குப் பயப்படாத நாய்களாக இருந்திருக்கலாம். செவலை அப்படி இல்லை. தட்டில் வாய் வைக்கத் தாமதித்தால் அடுத்த குட்டி தின்றுவிடும் என்று கற்றுக்கொண்டு வந்தவன். அவனிடம் கிண்ணத்தைப் பிடுங்கினால், ‘மனிதர் பக்கத்தில் வந்தால் சாப்பாடு போய்விடும்’ என்ற அவன் பயத்தை நாமே உண்மையாக்குகிறோம்.

யார் பெரியவர் என்று காட்டும் இந்த யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? அடைத்து வைத்த ஓநாய்கள் தலைமைக்குப் போட்டி போடுவதைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் 1947இல் எழுதினார், அதிலிருந்து கிளம்பிய கருத்து இது. பிறகு டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளர் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் பக்கத்திலிருந்து கவனித்துவிட்டு, ஓநாய்க் கூட்டம் என்பது பொதுவாக அம்மா, அப்பா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999இல் எழுதினார். அந்தத் ‘தலைவன்’ என்ற வார்த்தையைப் பரப்பியதில் அவருக்கே முன்பு பெரிய பங்கு உண்டு, அவரே அதை மாற்றிக்கொண்ட பிறகும் நாம் நம் வீட்டு நாயிடம் தலைமையை நிரூபிக்கக் கிளம்புவது எதற்கு?

அடுத்து, மாலைநிழல், உறுமுவதற்காக அவனைத் தயவுசெய்து அதட்டாதீர்கள். உறுமல் அவன் தரும் எச்சரிக்கை. அதட்டி அதை நிறுத்தினால் பயம் உள்ளேயே இருக்கும், எச்சரிக்கை மட்டும் காணாமல் போகும், ஒருநாள் சத்தமில்லாமல் நேராகக் கடி விழும்.

செய்ய வேண்டியது இது. அவன் சாப்பிடும்போது, அவன் உடம்பு தளர்வாக இருக்கும் தூரத்தில் நில்லுங்கள். அது அறையின் அடுத்த மூலையாக இருந்தாலும் பரவாயில்லை. அங்கிருந்து, கிண்ணத்தில் இருப்பதைவிட அவனுக்கு ரொம்பப் பிடித்த ஒன்றை, வேக வைத்த எலும்பில்லாத கோழித் துண்டு மாதிரி, கிண்ணத்துக்குப் பக்கத்தில் விழும்படி போட்டுவிட்டு உடனே விலகிப் போய்விடுங்கள். போட்டுவிட்டு விலகுவது முக்கியம், அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நீங்கள் வந்தால் நல்லது ஒன்று கிடைக்கும், கிண்ணமும் போகாது என்று புரிந்த பிறகு, உங்களைப் பார்த்ததும் தலையைத் தூக்கி வாலாட்டுவான். அப்போதுதான் அடுத்த அடி. உடம்பு விறைத்தாலோ, கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரிந்தாலோ, விழுங்கும் வேகம் கூடினாலோ கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம், பழைய தூரத்துக்குத் திரும்புங்கள். வாரக்கணக்கில், சில நாய்களுக்கு மாதக்கணக்கில்கூட ஆகும்.

மகள் இந்தப் பயிற்சியில் வேண்டவே வேண்டாம். அவன் சாப்பிடும் நேரம் அறைக் கதவு மூடியிருக்கட்டும், காலிக் கிண்ணத்தையும் அவன் வெளியே போன பிறகு பெரியவர்களே எடுங்கள். இன்னொன்று, காதை இழுத்தாலும் அசையாமல் இருப்பான் என்று எழுதியிருக்கிறீர்கள். அசையாமல் உறைந்து போவதும் பல நேரம் ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதுதான். மகளிடம் அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

நாலுகால் பதில்:

கண்மணி சொன்னதோடு ஒத்துப்போகிறேன். நான் சாப்பாட்டுப் பக்கம் மட்டும் சொல்கிறேன். கிண்ணத்துக்குப் பதிலாகத் தரையிலோ புல்லிலோ தீவனத்தைப் பரவலாகத் தூவி விடுங்கள், மோந்து தேடித் தின்ன வேண்டியிருப்பதால் வேகம் தானாகக் குறையும். மேடு பள்ளமாக வரும் கிண்ணமும் கிடைக்கிறது. வேகமாக விழுங்குவது வெறும் கெட்ட பழக்கம் என்று விட்டுவிடாதீர்கள், குறிப்பாக நெஞ்சு ஆழமான பெரிய நாய்களில் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்தை அது கூட்டுகிறது. வயிறு பெருத்து, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் தவித்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

அப்புறம் அளவு போதுமா என்றும் பாருங்கள், நிஜமாகவே பசியோடு இருக்கலாம். விலாவில் கையை ஓட்டினால் லேசாகவே எலும்பு தட்டுப்பட வேண்டும், விரித்த புறங்கையைத் தடவிப் பார்ப்பது மாதிரி. மூடிய முட்டியின் கணுக்கள் மாதிரித் துருத்திக்கொண்டிருந்தால் மெலிவு. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்து எவ்வளவு நாளாயிற்று? தீவனத்தை மாற்றுவதாக இருந்தால் ஒரு வாரமாவது பழையதோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் வயிற்றால் போகும். பயிற்சிக்காக வீட்டில் கையில் கிடைத்ததைப் போடுகிறேன் என்று திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம் சேர்த்த குழம்புத் துண்டு எதுவும் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு எல்லாம் விஷம்.

மாலைநிழல் பதில்:

ரொம்ப நன்றி, தம்பிக்கும் படித்துக் காட்டினேன். இன்று காலை தூரத்தில் நின்றே கவனித்தேன். ஒரு விஷயம் கண்ணில் பட்டது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் மெல்லுகிறான், சில துண்டுகள் வாயிலிருந்து கீழே விழுகின்றன, மற்றதை மெல்லாமலே விழுங்குகிறான். கெட்டியான மான்கொம்புத் துண்டு ஒன்று அவனுக்கு விளையாடக் கொடுத்திருக்கிறோம், நாள் முழுக்க அதைத்தான் கடிப்பான், இப்போது அதையும் தொடுவதில்லை. பூச்சி மருந்து சரியாகத்தான் கொடுக்கிறேன். இதற்கும் உறுமலுக்கும் தொடர்பு இருக்குமா?

பச்சைக்கோட்டு பதில்:

இருக்கும். விலங்கு மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன், நீங்கள் சொல்வதைக் கேட்டால் எனக்கு முதலில் பல் மேல்தான் சந்தேகம் வருகிறது. வளர்ந்த நாய்க்கு 42 பற்கள், அதில் மேல்தாடையில் இரு பக்கமும் பின்னால் ஒரு பெரிய பல் இருக்கும், கடித்து நறுக்கும் வேலையெல்லாம் அதுதான் செய்யும். மான்கொம்பு, கெட்டி எலும்பு, கல் எதைக் கடித்தாலும் அந்தப் பல்தான் சில்லாகப் பெயரும். நகத்தை அழுத்தினால் தடம் விழாத எதையும் நாய்க்குக் கடிக்கக் கொடுக்கக் கூடாது என்று எங்கள் டாக்டர் எல்லாரிடமும் சொல்லுவார். அந்தக் கொம்பை எடுத்துவிடுங்கள், அவன் பார்க்காத நேரத்தில்.

சில வாரங்களாக உறுமல் திடீரென்று கூடியது என்று எழுதியதைப் படித்ததும் வலியாக இருக்குமோ என்று நினைத்தேன். பழைய பயத்தின் மேல் வலியும் சேர்ந்தால் எந்த நாயும் இப்படித்தான் நடந்துகொள்ளும். பல் உடைந்தாலும் நாய் பெரும்பாலும் சாப்பாட்டை நிறுத்தாது, அதனால் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள், சீழ் கட்டிக் கண்ணுக்குக் கீழே வீங்கிய பிறகுதான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

வீட்டில் வாயைப் பிளந்து பார்க்க முயல வேண்டாம், வலிக்கிற வாயில் கை வைத்தால் கடிபடுவீர்கள். டாக்டரிடம் போகும்போது உறுமலையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பல் வேருக்கு எக்ஸ்ரே எடுக்க மயக்க மருந்து தேவைப்படும், பயப்பட வேண்டாம். அதுவரை தீவனத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்துக் கொடுங்கள். நாம் சாப்பிடும் வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள், இபுபுரூஃபனும் பாராசிட்டமாலும் நாயின் உயிருக்கே ஆபத்து.

பல் சரியானதும் உறுமல் கொஞ்சம் குறையலாம், அதோடு தூரத்திலிருந்து போடும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். வலி வருவதற்கு முன்பும் அவன் விறைத்துக்கொண்டுதானே இருந்தான். பல் வலி தீர்ந்து, பழையபடி நன்றாக மெல்ல ஆரம்பித்த பிறகு, கண்மணி சொன்ன அதே தூரத்திலிருந்து தொடங்குங்கள்.