டைல்ஸ் இடுக்கு கறுத்தால் ஆசிட் வேண்டாம்: புதிதாக இங்கிலாந்து போன நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

நம்ம குமரி மாவட்டத்துக் களியக்காவிளைத் தம்பி ஒருவர் தெற்கு லண்டனில் குரோய்டன் என்கிற இடத்தில் வாடகை வீடு எடுத்திருக்கிறார். முதல் குளிர்காலம் முடிவதற்குள் ஷவர் பக்கத்து டைல்ஸ் இடுக்கெல்லாம் கறுத்துவிட்டதாம். "அக்கா, டெபாசிட்டைப் பிடித்துவிடுவார்களா? அம்மா வரும்போது ஒரு பாட்டில் ஆசிட் கொண்டுவரச் சொல்லட்டுமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம் மக்களே. விமானத்தில் அதை ஏற்றவே விடமாட்டார்கள். அங்கேயும் 10 சதவீதத்துக்கு மேல் வீரியமுள்ள ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை உரிமம் இல்லாமல் பொதுமக்கள் வைத்திருக்கக் கூடாது. 2023 அக்டோபரிலிருந்து அப்படித்தான் சட்டம். இதெல்லாம் இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

விளவங்கோடு பக்கம் பாத்ரூம் கழுவுவது என்றால் ஒரு பக்கெட் தண்ணீர், வாரியல், ஆசிட், அவ்வளவுதான். ரப்பர் போட்டிருக்கிற வீடுகளில் பால் உறைய வாங்கிய பார்மிக் ஆசிட்டே சில சமயம் பாத்ரூமுக்கும் வந்துவிடும். ஊற்றியதும் நுரைக்கும், கறுப்பு போகும், மனசுக்குத் திருப்தி. ஆனால் நுரைப்பது அழுக்கு மட்டும் அல்ல, இடுக்கில் இருக்கிற சிமெண்டும்தான். ஆசிட் அதன் மேல்தோலைத் தின்றுவிடுகிறது. அப்புறம் அந்த இடம் சொரசொரப்பாகி, இன்னும் அதிகமாகத் தண்ணீர் குடித்து, முன்னைவிடச் சீக்கிரம் கறுக்கும். ஊரில் இது பெரிய கேடாகத் தெரியாது. கீழே கான்கிரீட், தரை வாட்டமாக ஓவு (தண்ணீர் வெளியேறுகிற துளை) பக்கம் சரிந்திருக்கும், இடுக்கு போனால் கொத்தனாரைக் கூப்பிட்டு ஒயிட் சிமெண்ட் தேய்த்துக்கொள்ளலாம். அங்கே பல வீடுகளில் டைல்ஸுக்குப் பின்னால் இருப்பது ஜிப்சம் பலகை, தரைக்குக் கீழே மரம். தரையில் ஓவே கிடையாது. இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கினால் கீழ்வீட்டு சீலிங்கில்தான் கறை தெரியும். ஆகவே பக்கெட் பக்கெட்டாகத் தரையில் ஊற்றிக் கழுவுகிற பழக்கத்தையும் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

சரி, என்ன செய்வது? முதலில் அது என்ன கறை என்று பாருங்கள். சாம்பல் நிறத்தில் வழுவழுப்பாக, நகத்தால் சுரண்டினால் வருகிறதா? அது சோப்பும் உடம்பு எண்ணெயும். தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நமக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே படியும். பாத்திரம் கழுவுகிற லிக்விடும் வெந்நீரும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் அது லண்டன் தண்ணீரின் சுண்ணாம்பு. புள்ளி புள்ளியாகக் கறுத்து, கீழ் வரிசையிலும் மூலையிலும் அதிகமாக இருந்தால் பூஞ்சை. தம்பி அனுப்பிய படத்தில் இருப்பது இந்தக் கடைசி வகை. நம்ம ஊர்க் கிணற்றுத் தண்ணீர் ஏற்றுகிற செம்பழுப்புக் கறை அங்கே அநேகமாக வராது. வந்தாலும் அதில் பிளீச் போடாதீர்கள், இரும்புக் கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும்.

பூஞ்சைக்கு நான் முதலில் எடுப்பது சோடியம் பெர்கார்பனேட். துணிக் கறை போக்குகிற ஆக்சிஜன் பிளீச் பவுடரில் இருப்பது இதுதான். தனியாகவும் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும், விலையும் குறைவு. வெந்நீரில் கலந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடும் சலவைச் சோடாவும் உண்டாகும். ஒரு கப் வெந்நீருக்கு இரண்டு ஸ்பூன் போதும். சுவரில் நிற்க வேண்டுமென்றால் தண்ணீரைக் குறைத்துக் குழம்பாக்கிக்கொள்ளுங்கள். கையுறை போட்டுக்கொண்டு இடுக்கில் பூசி, காயவிடாமல் அரை மணி நேரம் விட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். கம்பி பிரஷ் கூடாது. மீதியை ஸ்ப்ரே பாட்டிலில் மூடி வைக்கவும் கூடாது. அதில் வாயு வந்துகொண்டே இருக்கும், பாட்டில் வெடித்துவிடலாம். தேவைக்கு மட்டும் கலக்குங்கள்.

இதற்கும் அசையாத கறுப்புக்கு சாதா பிளீச், பத்து பதினைந்து நிமிஷம், அப்புறம் நன்றாகக் கழுவ வேண்டும். நிறம் போட்ட இடுக்கு என்றால் மூலையில் ஒரு ஓரத்தில் பரீட்சை பார்த்துவிட்டுச் செய்யுங்கள், வெளுத்துவிடும்.

இங்கே ஒன்றை உரக்கச் சொல்லவேண்டும். பிளீச்சையும் ஆசிட் உள்ள கிளீனரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் கொண்டுவராதீர்கள். சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னலே இல்லாத பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. டாய்லெட் கிளீனர் பாட்டில்களில் ஒன்றில் ஆசிட் இருக்கும், பக்கத்திலேயே இருக்கிற இன்னொன்றில் பிளீச் இருக்கும். பின்பக்கத்து எழுத்தைப் படிக்காமல் கையில் எடுக்காதீர்கள். அமோனியா உள்ள கிளீனரோடும் பிளீச் ஆகாது.

தக்கலைத் தங்கை ஒருத்தி வினிகரும் பேக்கிங் சோடாவும் சேர்த்தால் நன்றாக நுரைக்கிறதே என்றாள். நுரைக்கும், அவ்வளவுதான். ஒன்றையொன்று அடித்து இரண்டும் வீணாகிவிடும். பேக்கிங் சோடாவைத் தனியாகக் குழைத்துத் தேய்த்தால் பலன் உண்டு. வினிகர் டைல்ஸின் மேல் சுண்ணாம்புக்குச் சரி, இடுக்கில் ஊறவிட்டால் அதுவும் ஆசிட்தான். மார்பிள் இருந்தால் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

குளிக்கிற தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ரப்பர் மாதிரி இருக்கிற கோடு சிமெண்ட் அல்ல, சிலிக்கான். அதற்குள் பூஞ்சை இறங்கிவிட்டால் தேய்ப்பதெல்லாம் வீண் வேலை. டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி, கெட்டியான பிளீச்சில் நனைத்து, ராத்திரி முழுக்க அதன்மேல் வைத்துப் பாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால் அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதான். அதை வீட்டுக்காரரிடம் கேளுங்கள், நீங்களாக அறுக்கவேண்டாம்.

எல்லாம் தேய்த்து முடித்தாலும் ஈரம் நின்றால் மாதத்துக்குள் திரும்ப வரும். ஊரில் சாரல் காலத்தில்கூட வென்டிலேட்டர் வழியாகக் காற்று போய்வரும். அங்கே குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம். குளித்ததும் சின்ன ரப்பர் வைப்பரால் சுவரில் நிற்கிற தண்ணீரை இழுத்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனை இன்னும் இருபது நிமிஷம் ஓடவிடுங்கள், கதவைச் சாத்தியே வையுங்கள். கரண்ட் காசு மிச்சம் என்று ஃபேனை அணைக்கிறவர்கள் அந்தக் காசை டெபாசிட்டில் கொடுப்பார்கள்.

டெபாசிட் விஷயம். இங்கிலாந்தில் வீட்டுக்காரர் அதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் பதிந்தாக வேண்டும். ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழ் என்றால் 5 வார வாடகைக்கு மேல் வாங்கவும் கூடாது. 2019-இல் வந்த சட்டப்படி, காலி செய்யும்போது கம்பெனி ஆள் வைத்துத்தான் கழுவவேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. நீங்கள் வந்தபோது இருந்த சுத்தத்தில் விட்டால் போதும். வந்தபோது எப்படி இருந்தது என்பதற்குப் படம்தான் சாட்சி. ஆகவே சாவி வாங்கிய அன்றே இடுக்குகளைக் கிட்டத்தில் வைத்துப் படமெடுங்கள். ஃபேன் ஓடவில்லை என்றால் அன்றைக்கே ஈமெயிலில் எழுதுங்கள்; போனில் சொன்னது பிறகு கணக்கில் வராது.