குரோஷா மேல்சட்டையும் எங்கள் குடும்பக் குழுவும்

அக்கா: (படம்) சித்தி, நீங்கள் போன வாரம் போட்டுக் காட்டிய குரோஷா மேல்சட்டை மாதிரியே ஒன்று ஷாப்பிங் ஆப்பில் வந்திருக்கிறது. பூ வேலைப்பாடு, கழுத்து, கை எல்லாம் அச்சு அசல். விலை மட்டும் நீங்கள் சொன்னதில் நாலில் ஒரு பங்கு.

அக்கா: என் தோழிக்கு உங்களிடம்தான் சொல்லி வைத்திருந்தேன். அவள் இந்தப் படத்தை அனுப்பி, ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்கிறாள். அவளுக்கு என்ன சொல்லட்டும்?

பெரியப்பா: அவர்கள் மெஷினில் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளுவார்கள். இவள் கையால் ஒன்றொன்றாகப் போடுகிறாள். விலை எப்படி ஒன்றாக இருக்கும்?

சித்தி: அத்தான், விஷயமே அங்கேதான் இருக்கிறது. குரோஷா என்பது கொக்கி ஊசியால் நூலை இழுத்துப் போடுகிற பின்னல். அதைப் போட மெஷின் கிடையாது.

பெரியப்பா: கிடையாதா? ஸ்வெட்டர் எல்லாம் மெஷினில்தானே வருகிறது?

சித்தி: ஸ்வெட்டர் வேறு. அதில் ஒரு வரிசைக் கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், முழுவதும் ஊசியில் வரிசையாக நிற்கும். அத்தனை கண்ணிக்கும் ஓர் ஊசி வைத்தால் மெஷின் ஒரே இழுப்பில் ஒரு வரிசையை முடித்துவிடும். குரோஷாவில் ஒரு தையலை முழுதாக முடித்த பிறகுதான் அடுத்ததற்குப் போக முடியும். கொக்கியில் ஒரே ஒரு கண்ணிதான் மிஞ்சி நிற்கும். அடுத்த தையலுக்குக் கொக்கியை மேலே, பக்கத்தில், இரண்டு வரிசைக்குக் கீழே என்று எங்கே வேண்டுமானாலும் விட்டு இழுக்கலாம். கண்ணும் விரலும் சேர்ந்து செய்கிற வேலை. இதைச் செய்து ஆடையாகக் குவிக்கிற தொழிற்சாலை மெஷின் இன்றைக்கும் இல்லை.

நான்: சித்தி சொல்வது சரி. காலுறை பின்னும் மெஷினை வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் 1589-லேயே செய்துவிட்டார். குரோஷா அப்படி மெஷினுக்குள் போகவே இல்லை. குரோஷா மாதிரி தெரிகிற லேஸ் மெஷினில் வரும், அது வேறு பின்னல்.

அக்கா: அப்படியென்றால் இதுவும் அந்த மாதிரி லேஸாக இருக்கலாம் இல்லையா?

சித்தி: இருக்கலாம். வாங்கியவர்கள் யாராவது பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்களா பார்.

அக்கா: (படம்) ஒருவர் போட்டிருக்கிறார்.

சித்தி: பூவின் நடுவைப் பெரிதாக்கிப் பார். நூல் தொடங்கிய சின்ன வட்டம் தெரிகிறதா? அதிலிருந்து சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. மூன்றாவது இதழுக்கு அடியில் நூல் நுனியைச் செருகி மறைத்திருக்கிறாள், ஒரு துளி வெளியே வந்துவிட்டது. ஒரு பூ கொஞ்சம் இறுக்கம், பக்கத்துப் பூ தளர்வு. இது கையால் போட்டதுதான். நன்றாகவே போட்டிருக்கிறாள்.

தம்பி: அப்போது அந்த விலைக்கு விற்கிறதையும் ஒருவர் உட்கார்ந்து கையால்தான் போட்டிருக்கிறாரா??

சித்தி: ஆமாம்டா. எனக்கு எத்தனை மணி நேரம் ஆனதோ, ஏறக்குறைய அவளுக்கும் அவ்வளவு ஆகியிருக்கும். பருமனான நூலென்றால் சில நாள், மெல்லிய நூலென்றால் வாரக்கணக்கு. என்னைவிடக் கை வேகம் என்றே வைத்துக்கொள், பாதி நேரத்தில் முடித்துவிட முடியாது.

நான்: அக்கா, உன் தோழிக்கு அனுப்ப வேண்டிய பதில் இதுதான் என்று நினைக்கிறேன். ஆப்பில் உள்ள விலையிலிருந்து ஆப்பின் கமிஷன், விளம்பரம், கப்பல் அல்லது விமானச் செலவு, நடுவில் உள்ள தரகர் லாபம், திரும்பி வருகிற பார்சல்களின் நஷ்டம், நூல் விலை எல்லாவற்றையும் கழிக்கச் சொல். மிச்சம்தான் அந்தப் பெண்ணின் கூலி. அதை மணி நேரத்தால் வகுத்தால் என்ன வரும் என்று அவளே பார்க்கட்டும். இரண்டும் கைவேலைதான். ஒன்றில் கைக்குக் கூலி சேர்ந்திருக்கிறது, இன்னொன்றில் சேரவில்லை.

பெரியப்பா: இது எனக்குத் தெரியாது. மெஷின் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன்.

மாமா: சாதாரணச் சட்டை மட்டும் என்ன? அதையும் ஒருவர் மெஷின் முன்னால் உட்கார்ந்து, துணியைக் கையால் நகர்த்தித்தான் தைக்கிறார். துணி வழுக்கும், இழுபடும், சுருங்கும். கை இல்லாமல் முடியாது.

நான்: அதேதான் மாமா. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்ததே, நினைவிருக்கிறதா? டாக்காவுக்குப் பக்கத்தில் சாவாரில் இருந்த எட்டு மாடிக் கட்டிடம். முந்தின நாளே சுவரில் விரிசல் விட்டது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. மேலே இருந்த தையல் தொழிற்சாலைகள் மட்டும் மறுநாள் காலை ஆட்களை உள்ளே வரச் சொன்னன. 1,100 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அவர்கள் தைத்துக்கொண்டிருந்தது வெளிநாட்டுக் கடைகளுக்கான உடைகள். எந்தெந்தக் கம்பெனிக்குத் தைத்தார்கள் என்பதை இடிபாட்டில் கிடந்த லேபிளை வைத்துத் தேட வேண்டியிருந்தது. "என் உடையைத் தைத்தது யார்?" என்று வாங்குகிறவர்களே கம்பெனிகளைக் கேட்கிற இயக்கம் அதற்குப் பிறகுதான் கிளம்பியது.

அத்தை: படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் ஆறு மாதத்துக்கு ஒரு அளவு வளர்கிறார்கள். எல்லாவற்றையும் கையால் செய்தவர்களிடம் வாங்க எந்த வீட்டுக்குக் கட்டும்?

சித்தி: அண்ணி, யாருக்குமே கட்டாது. எல்லாவற்றையும் வாங்கச் சொல்லி நான் யாரையும் கேட்டதில்லை. பள்ளிக்கும் விளையாட்டுக்கும் எது கிடைக்கிறதோ அதைப் போடட்டும். வாங்குவதில் ஒன்றே ஒன்று தெரிந்தவர்களிடம் போனாலே அந்த வீட்டில் ஒரு மாத மின்சாரக் கட்டணம் கட்டலாம். பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு வழி இருக்கிறது. தைக்கக் கொடுக்கும்போது உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். அடி மடிப்பு நான்கு விரல், பக்கத்தில் ஒரு விரல். வளர வளரப் பிரித்து விடலாம். ஆயத்த உடையில் ஓரம் பிரியாமல் இருக்க ஓவர்லாக் தையல் போட்டு ஓரத்தை ஒட்ட வெட்டியிருப்பார்கள், பிரித்தாலும் உள்ளே விட ஒன்றுமே இருக்காது.

அத்தை: இது நல்ல யோசனை ம்மா. சின்னவள் பாவாடைக்கு அப்படிச் செய்யச் சொல்கிறேன்.

பெரியப்பா: நானும் ஒன்று சொல்லட்டுமா? பக்கத்தில் இருப்பவர் என்பதற்காக மட்டும் வாங்கக் கூடாது. பாவம் பார்த்து ஒருமுறை வாங்குவோம், இரண்டாம் முறை போக மாட்டோம். பொருள் நன்றாக இருக்க வேண்டும்.

சித்தி: நூற்றுக்கு நூறு, அத்தான். பாவம் பார்த்து வாங்குகிறவர்களை எனக்கும் பிடிக்காது. திருப்பிப் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

அக்கா: எதைப் பார்ப்பது சித்தி? எனக்கு வெளியே இருக்கிற டிசைன்தான் தெரியும்.

சித்தி: முதலில் உட்பக்கம். ஓரம் பிசிறடிக்காமல் மடித்துத் தைத்திருக்கிறதா பார். தையலை இரண்டு பக்கமும் மெதுவாக இழு, நூலுக்கு இடையில் வெளிச்சம் தெரிந்தால் தையல் தளர்வு. கோடு போட்ட துணியென்றால் பக்கத் தையலில் கோடு கோட்டோடு சேர்கிறதா என்று பார், சேர்ந்தால் வெட்டியவர் துணியை மிச்சம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். காஜாவைச் சுற்றி நூல் நெருக்கமாக இருக்க வேண்டும். பிறகு சட்டையைத் தோளில் பிடித்துத் தொங்கவிடு. ஒரு பக்கமாகத் திருகினால் துணியை நேர் வாக்கில் வெட்டவில்லை. துவைக்கத் துவைக்க அந்தத் திருகல் கூடும், குறையாது.

சித்தி: வெட்டுவதற்கு முன் துணியை நனைத்தீர்களா என்று ஒரு வார்த்தை கேள். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்கிறவரிடம் நம்பி வாங்கலாம்.

தம்பி: சித்தி, ஆன்லைனில் "கையால் செய்தது" என்று போட்டு, மொத்தமாக எங்கிருந்தோ வாங்கி லேபிள் மாற்றி விற்கிறார்களே. அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சித்தி: அந்தப் படத்தையே எடுத்துத் தேடிப் பார். அதே படம் பத்துக் கடையில் இருந்தால் தெரிந்துவிடும். அப்புறம், கையை மட்டும் இரண்டு அங்குலம் நீளமாக வைத்துத் தர முடியுமா என்று கேள். செய்கிறவர் "முடியும், ஒரு வாரம் ஆகும்" என்பார், அல்லது இந்தக் காரணத்தால் முடியாது என்பார். வாங்கி விற்கிறவர் பேச்சை மாற்றுவார். பாதி முடிந்த வேலையின் படம் கேட்டாலும் தெரியும்.

மாமா: துணியே வெளியூரிலிருந்து வருகிறது, நூல் வேறு எங்கிருந்தோ வருகிறது, பட்டன் இன்னொரு இடம். இதில் உள்ளூர் என்று எதைச் சொல்வது?

நான்: முழுக்க உள்ளூர் என்று எதுவும் இல்லை மாமா. வேலை எங்கே நடக்கிறது, யார் பொறுப்பு என்பதுதான் எனக்கு முக்கியம். தையல் விட்டுப்போனால் போய்க் கேட்க ஓர் ஆள் இருக்கிறார். நாம் கொடுக்கிற பணத்தில் அவர் பக்கத்துக் கடையில் நூல் வாங்குகிறார், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுகிறார், உதவிக்கு இன்னொரு பெண்ணை வைத்துக்கொள்கிறார். அந்தப் பெண் தொழில் கற்றுக்கொள்கிறாள். ஆப்பில் கட்டுகிற பணம் இப்படி நம் தெருவுக்குத் திரும்பி வராது.

தம்பி: வேண்டாமென்று ஒதுக்குகிற உடைகள் எங்கே போகின்றன என்று பார்த்தால் அது இன்னொரு கதை. சிலியில் அட்டகாமா பாலைவனத்தில் மலை மலையாகக் குவித்திருக்கிறார்கள். பழையது மட்டுமில்லை, விற்காமல் போன புதுசும் லேபிளோடு கிடக்கிறது. நிறைய பாலியெஸ்டர். பெட்ரோலியத்தில் செய்தது, லேசில் மக்காது. விற்காத துணிகளை அழிப்பதைப் பிரான்ஸ் 2020-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. 2023-லிருந்து அங்கே துணி, செருப்பைப் பழுது பார்க்கக் கொடுத்தால் பில்லில் ஒரு பகுதியைக் கழிக்கிறார்கள். உடை விற்கிற கம்பெனிகள் கட்டுகிற நிதியிலிருந்து அது வருகிறது.

பெரியப்பா: இது நியாயம். விற்கிறவன்தான் அதற்கும் காசு வைக்க வேண்டும்.

அத்தை: சரி, விலை குறைக்கச் சொல்லிக் கேட்டால் தப்பா? எனக்குக் கேட்காமல் வாங்கிப் பழக்கமே இல்லை.

சித்தி: கேட்பதில் தப்பில்லை அண்ணி. ஆனால் "இதே வேலையைப் பாதி விலைக்குக் கொடு" என்றால் எங்கள் நேரத்தில்தான் கை வைக்க முடியும், நூல் கடையில் எங்களுக்குப் பாதி விலை கிடையாது. கையில் எவ்வளவு இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முழுக்கைக்குப் பதில் கையில்லாமல் போடலாம். பூ வேலையைக் கழுத்தில் மட்டும் வைக்கலாம். பருமனான நூலில் சீக்கிரம் முடியும். எத்தனையோ வழி இருக்கிறது.

சித்தி: இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் ரொம்ப நாளாக இருக்கிறது. ஒரு சின்ன டிசைனர் யோசித்து யோசித்துச் செய்த உடையின் படத்தைக் கொண்டுவந்து, "அப்படியே போட்டுக் கொடுங்கள், அவர்கள் விலை அதிகம்" என்கிறார்கள். நான் செய்வதில்லை. இன்றைக்கு அவளுடையதை நான் எடுத்தால் நாளைக்கு என்னுடையதை இன்னொருவர் எடுப்பார். அக்கா அனுப்பிய ஆப் படத்தில் இருப்பது என் கழுத்து டிசைனா, தற்செயலா என்று எனக்குத் தெரியாது. ஆனால் படம் வந்ததும் வயிற்றில் ஏதோ செய்தது.

அக்கா: ஐயோ சித்தி, நான் அதை யோசிக்கவே இல்லை. தோழியிடம் இந்தப் பேச்சு முழுவதையும் காட்டினேன். அவளுக்கு உங்களிடமே வேண்டுமாம். முழுக்கை வேண்டாம், கழுத்தில் மட்டும் பூ. எவ்வளவு நாள் ஆகும், முன்பணம் எவ்வளவு என்று கேட்கிறாள்.

சித்தி: அவசரம் இல்லையென்றால் மூன்று வாரம் கொடுக்கச் சொல். முன்பணம் நூலுக்கு மட்டும் போதும். நூலை மொத்தமாக ஒரே தடவையில் வாங்க வேண்டும், ஒரே நிறம் என்றாலும் ஒரு தடவை சாயம் போட்டதற்கும் இன்னொரு தடவை போட்டதற்கும் வித்தியாசம் காட்டும். அதனால் நிறத்தை நாளைக்குள் முடிவு செய்யட்டும்.

அக்கா: அளவு?

சித்தி: உடம்பில் டேப் வைத்து எடுத்த அளவு வேண்டாம். அவளுக்கு நன்றாகப் பொருந்துகிற ஒரு மேல்சட்டையைத் தரையில் தட்டையாக விரித்து, அக்குளுக்கு அக்குள், தோளிலிருந்து அடி வரை, கழுத்து அகலம் மூன்றையும் எடுத்து அனுப்பச் சொல். பருத்தி நூலில் போட்டது தன் கனத்திலேயே இறங்கும், நீளத்தில் ஒரு அங்குலம் குறைத்தே போடுவேன். ஹேங்கரில் மாட்ட வேண்டாம், மடித்து வைக்கட்டும். துவைத்தால் தட்டையாகப் போட்டுக் காய வைக்கட்டும்.

தம்பி: சித்தி, என் பையின் வார் பிய்ந்து கிடக்கிறது. அதையும் எடுத்துக்கொண்டு வரட்டுமா?

சித்தி: கொண்டு வா. பிய்ந்த துண்டு இருந்தால் தூக்கிப் போடாதே, அதையும் சேர்த்து எடுத்து வா.