மறு: கியர்பெட்டிச் சொற்கள்: டாக் என்பதற்குக் 'கொண்டி'

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழில் தொகுத்துவரும் பைக் கியர்பெட்டிச் சொற்பட்டியலில் 'டாக்' (dog, கியரின் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் கட்டை) என்ற இடத்துக்கு 'முகப்பல்', 'கவ்வி' என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டையும் விட்டுவிட்டுக் 'கொண்டி' என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. ஏன் என்பதைக் கழற்றிப்போட்ட வண்டியை வைத்தே சொல்கிறேன்.

அத்தானின் 4 கியர் 100 சிசி வண்டி, பாபநாசத்திலிருந்து காரையார் ஏறும்போதெல்லாம் இரண்டாவது கியரில் நிற்காமல் நழுவிக்கொண்டிருந்தது. அம்பாசமுத்திரத்தில் வீட்டுத் தார்சாவிலேயே எஞ்சினை இறக்கிப் பிரித்தோம். இந்தப் பெட்டியில் கியர்களின் பற்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் சுற்றுகின்றன. கியர் மாற்றும்போது பல் சேர்வதும் இல்லை, விலகுவதும் இல்லை. சில கியர்கள் ஷாப்டில் சும்மா சுற்றும். பக்கத்துக் கியர், ஷாப்டில் நீளவாக்கில் வெட்டிய வரிகளான ஸ்ப்லைன் மேல் இடமும் வலமுமாக நகரும். நகரும் கியரின் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் கட்டைகள், சும்மா சுற்றும் கியரின் குழிக்குள் விழுந்தால்தான் விசை ஷாப்டுக்குப் போகும். அந்தக் கட்டைதான் டாக்.

எங்கள் கியரில் பல் ஒன்றுகூடக் குறையில்லை. டாக்கின் ஓரங்கள் மட்டும் பளபளவென்று தேய்ந்து உருண்டிருந்தன. புதுக் கியரைப் பக்கத்தில் வைத்ததும் வேறுபாடு தெரிந்தது. புதியதில் டாக்கின் பக்கம் நேர்செங்குத்தாக இல்லை. அடி சற்றே ஒடுங்கும்படி உள்வாங்கி வெட்டியிருக்கிறார்கள். இழுவை கூடக் கூட இரண்டு கியரும் ஒன்றையொன்று நெருங்கி இறுகுவதற்காகவே அந்தச் சாய்வு. ஓரம் மழுங்கிவிட்டால் அதே இழுவை கியரை வெளியே தள்ளிவிடும்.

இப்போது 'முகப்பல்' என்று வைத்துப் பாருங்கள். பேச்சில் அது சுருங்கிப் 'பல்' என்றே நிற்கும். 'இரண்டாவது கியரின் பல் தேய்ந்திருக்கிறதா பார்' என்று படித்தவர் சுற்றுப்பல்லைப் பார்ப்பார், நன்றாகத்தானே இருக்கிறது என்று பழைய கியரையே திரும்ப மாட்டிவிடுவார். வீட்டில் தானே வேலை பார்க்கிறவரை நம் சொல்லே கெடுக்கக் கூடாது. 'கவ்வி' என்றால் உரசிப் பிடிப்பதாகத் தோன்றுகிறது. அது கிளட்சின் வேலை. டாக் உரசிப் பிடிப்பதில்லை. விழும், அல்லது விழாது. கிளிப்பையும் கிளாம்பையும் வேறு ஏற்கெனவே கவ்வி என்றே எழுதி வருகிறோம்.

கதவுக் கொண்டி நம் பக்கத்து வீடுகளில் தினமும் கை படுகிற பொருள். நாதாங்கியில் விழுந்தால் கதவும் நிலையும் ஒன்று, எடுத்தால் தனித்தனி. டாக் செய்வதும் அதையேதான். வேண்டிய வினைச்சொற்களும் கூடவே வந்துவிடுகின்றன: கொண்டி விழுந்தது, விழவில்லை, கழன்றது, மழுங்கியது. பாளையங்கோட்டைக்குச் சாமான் வாங்கப் போனபோது பட்டறை அண்ணாச்சியிடம் இந்தச் சொல்லையே சொன்னேன். விளக்கம் எதுவும் கேட்கவில்லை. "கொண்டி மழுங்கிட்டுன்னா சோடியாத்தான் மாத்தணும், ஒண்ண மட்டும் மாத்திராதீங்க" என்றார்.

கொண்டிக்குக் கொள்ளை என்றும் பொருள் உண்டு, கொண்டிமாடு என்றால் அடுத்தவர் பயிரை மேயும் மாடு என்று போன மடலில் ஐயா குறிப்பிட்டிருந்தார்கள். உண்மைதான். ஆனால் 'கால்', 'மாலை' போன்ற சொற்களை இடம் பார்த்துத்தானே படிக்கிறோம்? கியரை அடுத்து வரும் கொண்டியிலும் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

கியர்பெட்டியைத் திரும்பக் கோக்கும் பகுதியை இந்தச் சொல்லை வைத்து எழுதிப் பார்த்தேன் (கவை என்பது கியரை நகர்த்தும் ஷிப்ட் ஃபோர்க், உருளை என்பது கவைகளை நகர்த்தும் ஷிப்ட் டிரம்):

"இரண்டு ஷாப்டையும் கியர்கள் கோத்த நிலையில் சேர்த்துப் பிடித்து ஒன்றாகவே கேஸுக்குள் இறக்கவும். கவைகளில் எழுத்துக் குறி இருந்தால் அதன்படி இடம் பார்த்துப் பொருத்தவும். கவையின் முளை உருளையின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மறுபாதிக் கேஸை நிலையாகப் பொருத்தி முடுக்குமுன், ஷாப்டைக் கையால் சுற்றிக்கொண்டே உருளையைத் திருப்பவும். ஒவ்வொரு கியரிலும் கொண்டி முழுதாகக் குழிக்குள் விழ வேண்டும். ஷாப்டைச் சுற்றாமல் திருப்பினால் கொண்டி குழியில் விழாமல் முட்டி நிற்கலாம். அது பழுதல்ல, அழுத்தித் திருப்பாதீர்கள்."

கடைசிக்கு முந்தைய வாக்கியத்தில் 'கொண்டி'யை எடுத்துவிட்டுப் 'பல்' என்று போட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் ஒருமுறை பாருங்கள்.

'கவை', 'பூட்டுவளையம்' (சர்க்லிப்) இரண்டுக்கும் என் ஒப்புதல். பூட்டுவளையப் பதிவில் ஒரு குறிப்புச் சேர்க்க வேண்டும்: தகட்டில் அடித்தெடுத்த வளையத்துக்கு ஒரு பக்க ஓரம் கூராகவும் மறுபக்கம் மழுக்கமாகவும் இருக்கும். தள்ளுவிசை வரும் பக்கம் மழுக்கமும் எதிர்ப்பக்கம் கூரும் அமைய வேண்டும். கழற்றிய வளையத்தைத் திரும்பப் போடக் கூடாது.

மீதியிருப்பது, உருளையை ஒவ்வொரு கியரிலும் பிடித்து வைக்கும் நட்சத்திரத் தகடும் ஸ்பிரிங் வைத்த நெம்புகோலும். 'நிறுத்தி' என்று எழுதியிருக்கிறார்கள். பிரேக்கோடு குழம்பும் என்று நினைக்கிறேன். 'தங்கி' எப்படி? நெல்லை, தூத்துக்குடிப் பட்டறைகளில் இதற்கு வேறு சொல் புழங்கினால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்,
அம்பாசமுத்திரத்திலிருந்து