துருக்கிப் பக்கம் ஃபிளாட் வாங்கலாமா? காசு இன்னும் இபிஎஃப்பில்தான் இருக்கிறது

லோரிக்காரன், சுங்கை சிப்புட்
வணக்கம். எனக்கு 56 வயது. செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டினேன், போன வருடம் முதுகுவலியில் விட்டுவிட்டேன். இபிஎஃப்பில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. ஈப்போ ஹோட்டல் ஒன்றில் கூட்டம் என்று மச்சான் கூட்டிக்கொண்டு போனான். நல்ல பிரியாணி, அப்புறம் படம் போட்டுக் காட்டினார்கள். துருக்கியில் கடலோர ஃபிளாட்டாம், பாதிப் பணம் இப்போது, மீதி கட்டி முடிந்ததும். இல்லையென்றால் துருக்கிக் காசு லீராவில் வங்கியில் போடுங்கள், 40 விழுக்காட்டுக்கு மேல் வட்டி என்றார்கள். துருக்கி, அஜர்பைஜான் என்று ஒரே சாயல் மொழி பேசுகிற நாடெல்லாம் ஒரே மார்க்கெட்டாம். புக்கிங் 3,000 வெள்ளி கட்டிவிட்டேன். அன்றிலிருந்து வீட்டுக்காரி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அத்திப்பழம், கிள்ளான்
அண்ணே, நான் துருக்கியில் மலாத்யாவிலிருந்து காய்ந்த ஆப்ரிகாட், அய்தினிலிருந்து அத்தி எடுத்து இங்கே மொத்தமாக விற்கிறவன். அந்த வட்டியை நம்பாதீர்கள். 2021 தொடக்கத்தில் ஒரு டாலர் ஏழரை லீராவுக்குக் கிட்ட இருந்தது, 2024 முடியும்போது 35ஐத் தாண்டிவிட்டது. அன்றைக்கு ஒரு லட்சம் லீரா போட்டவனுக்கு ஏறக்குறைய 13,500 டாலர் முதல். வட்டி சேர்ந்து இரண்டு லட்சம் லீரா ஆகியிருந்தாலும் கையில் 5,700 டாலர்தான். அக்டோபர் 2022இல் அரசாங்கக் கணக்கிலேயே விலைவாசி 85 விழுக்காடு ஏறியது. எனக்குச் சரக்குத் தருகிற ஆளே டாலரில்தான் விலை சொல்கிறார், லீராவில் கேட்டால் சிரிக்கிறார். நம் இபிஎஃப் 2024க்கு 6.30 விழுக்காடு கொடுத்தது, அதுவும் வெள்ளியில்.

ஒரே மார்க்கெட் என்பதும் சும்மா. அஜர்பைஜான்காரனும் துருக்கிக்காரனும் பேசினால் புரியும், சரி. ஆனால் காசு வேறு, சட்டம் வேறு. அஜர்பைஜான் காசு மனாத் ஆடாமல் நிற்கிறதே என்று விற்கிறவர்கள் சொல்வார்கள், 2015இல் ஒரே வருடத்தில் இரண்டு தடவை விழுந்த காசு அது.

ஈப்போ அக்கா
தம்பி, நான் வக்கீல் ஆபீசில் நிலப் பத்திர வேலை பார்க்கிறேன். ஃபிளாட் எந்த ஊரில்? புரோஷரில் இருக்கிற பெயரை அப்படியே எழுதுங்கள். விலை டாலரிலா பவுண்டிலா?

லோரிக்காரன், சுங்கை சிப்புட்
கிர்னே என்று போட்டிருக்கிறது அக்கா. 60,000 பவுண்டு.

ஈப்போ அக்கா
நினைத்தேன். தம்பி, கிர்னே துருக்கியிலேயே இல்லை. அது வட சைப்ரஸ். 1974இல் துருக்கிப் படை இறங்கியபோது அங்கே வாழ்ந்த கிரேக்கர்கள் வீட்டையும் நிலத்தையும் அப்படியே விட்டுவிட்டுத் தெற்கே ஓடினார்கள். 1983இல் வடக்கே இருந்த துருக்கியர் அதைத் தனி நாடு என்று அறிவித்தார்கள், இன்றுவரை அதை ஏற்றுக்கொண்டது துருக்கி ஒன்றுதான். விமானம்கூடத் துருக்கி வழியாகத்தான் போகும். பேரம் பவுண்டில் நடக்கும், அதனால்தான் கேட்டேன்.

நிலப் பத்திரத்தை நாம் கிராண்ட் என்கிறோமே, அங்கே கோச்சான் என்பார்கள். 1974க்கு முன்னால் அந்த நிலம் யார் பெயரில் இருந்தது என்பதுதான் கேள்வி. கிரேக்கர் நிலம் என்றால் அந்தப் பழைய சொந்தக்காரர் இன்றும் தெற்கே உள்ள சைப்ரஸ் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். அப்படி வில்லா கட்டிய பிரிட்டிஷ் தம்பதியிடம் அதை இடித்துவிட்டுப் போகச் சொல்லி அங்கே தீர்ப்பானது, அதை இங்கிலாந்திலேயே நிறைவேற்றலாம் என்று 2009இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. போதாததற்கு, வெளிநாட்டவர் பெயரில் பத்திரம் மாற அங்குள்ள அமைச்சரவையின் அனுமதி வேண்டும், அது எப்போது வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கூட்டத்தில் இதில் ஒரு வார்த்தையாவது சொன்னார்களா?

லோரிக்காரன், சுங்கை சிப்புட்
ஒன்றும் சொல்லவில்லை அக்கா. படத்தில் துருக்கிக் கொடிதான் காட்டினார்கள். மச்சானுக்குப் போன் போட்டேன், ஆள் கூட்டிவந்தால் அவனுக்கு 500 வெள்ளியாம், இப்போதுதான் வாயைத் திறக்கிறான். சனிக்கிழமை ரசீதை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போகிறேன். வீட்டுக்காரியும் வருகிறாளாம், பேச வேண்டியதை அவளே பேசிக்கொள்வாளாம்.